ஈரக் கழிவு

முதல் அலகு சேரம்பாடிக்கு வந்து சேர்ந்தபோது
உறை நனைந்திருந்தது.
அஞ்சல்வழி, இளங்கலை, முதலாண்டு.
வணிகவியலுக்குக் கட்டணம் கூட.
அதனால் அரசியல் அறிவியல்.

"அரசியலுக்குப் படிப்பு வேறயா?" என்றார்
சலூன்கடை ஞானசிகாமணி.
அவர் கண்ணாடிக்கு மேலே
'இங்கு அரசியல் பேசக்கூடாது' என்று
சிவப்பில் எழுதியிருக்கிறது.
அதன் கீழே உட்கார்ந்துதான்
எல்லாக் கட்சிகளையும்
மழித்துக்கொண்டிருக்கிறோம்.

நான் எட்டாம் நம்பர் காட்டில்
கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை.
முதல் நிறுவைக்கும் அடுத்ததற்கும் நடுவே
படிக்க நேரம் கிடைக்கும்,
அட்டை ஏறாமலிருந்தால்.

அரசுக்கு உறுப்புகள் நான்கு என்றது புத்தகம்:
மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், இறைமை.
ஒன்று குறைந்தாலும் அரசு இல்லை.
பென்சிலால் கோடு போட்டேன்.
தலைமன்னாரில் கப்பலேறிய என் அப்பாவிடம்
இருந்தது ஒரு டிரங்குப் பெட்டி,
பிறகு ஒரு குடும்ப அட்டை.
அவர் எந்த நாட்டின் முதல் உறுப்பு என்று
இரண்டு நாடுகள் பேசி முடித்த பிறகு
கடைசியாகத் தெரிந்துகொண்டவர் அவர்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு சண்டை:
இது அறிவியலா, இல்லையா?
இல்லை என்பவர்கள் கேட்கிறார்கள்,
சோதனைச்சாலை எங்கே?
ஒரே சோதனையைத் திரும்பச் செய்தால்
ஒரே விடை வருமா?

நிமிர்ந்து பார்த்தேன்.
தராசு தொங்கிக்கொண்டிருந்தது.

சாக்குக்கு இரண்டு கிலோ ஈரக் கழிவு.
நான் வேலைக்கு வரும் முன்பே இரண்டு.
ஆனி மழையில்
சாக்கிலிருந்து தண்ணீர் ஒழுகும்போது இரண்டு.
மாசி வெயிலில்
கொழுந்து கையில் சருகாகும்போதும் இரண்டு.
திரும்பத் திரும்பச் செய்திருக்கிறேன்.
ஒரே விடை.

அந்த மாசியில் ஒருநாள் பேச்சாயி
சாக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு,
பஸ்ஸுக்கு நேரம் கேட்பதுபோலக் கேட்டாள்:
"மண்ணே வெடிச்சுக் கெடக்கு கணக்கு.
ஈரம் எங்க இருக்கு?"

அவளுக்குப் பின்னால் முப்பது பேர்.
ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.
ஆனால் வழக்கத்தைவிட
நெருங்கி நின்றார்கள்.

செக்ரோலைப் புரட்டினேன், இல்லை.
சுவரில் ஒட்டிய விதிகளில் இல்லை.
ஆபீசுக்குப் போன் போட்டேன்.
"அது வழக்கம்" என்றார்கள்.
வழக்கம் எப்போது சட்டமாகிறது என்பது
ஆறாம் அலகு.
அது இன்னும் தபாலில் வரவில்லை.

அதிகாரம் என்ற சொல்லுக்கு
முதல் அலகில் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது.
மன்னர்கள், மக்கள், ஒப்புதல், படை.
அது ஒரு நீலப் பேனாவாக
என் சட்டைப்பையில் கசிந்துகொண்டிருக்கும் என்று
ஒரு வரி இல்லை.

இருபத்து மூன்று, முழுதாக எழுதினேன்.
அடுத்தவளுக்குப் பத்தொன்பது, முழுதாக.
கை நடுங்கியது உண்மை.
சாயங்காலம் பாக்டரிக் கணக்கில்
அறுபத்திரண்டு கிலோ உதைத்தது.
என் சம்பளத்தில் பிடிப்போம் என்றார்கள்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.
லாரி டிரைவர் சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் சாக்குகள் தராசடிக்கு வந்தன,
கொக்கியில் ஏறவில்லை.
சாக்கின்மேல் உட்கார்ந்து
வெற்றிலை மென்றார்கள்.
உள்ளே கொழுந்து சூடேறத் தொடங்கியது.
லாரி ஹாரன் அடித்தது, மறுபடி அடித்தது.
பதினொன்றரைக்கு ஜீப் வந்தது.
ஒன்று பத்துக்கு முடிவு வந்தது:
வெயில் காலத்தில் ஒரு கிலோ.

ஏன் ஒன்று, ஏன் சுழியம் இல்லை?
அதற்கும் காகிதம் இல்லை.
என்னிடம் பிடித்தது பிடித்ததுதான்.
பேச்சாயி மட்டும் போகும்போது
தராசு முள்ளை ஒருமுறை
விரலால் தட்டிப் பார்த்தாள்.

வைகாசிக் கடைசியில் கூடலூரில் தேர்வு.
'அரசியல் அறிவியலின் பொருள், இயல்பு, எல்லை:
விவரி.' பத்து மதிப்பெண்.
புத்தகத்தில் இருந்ததை அப்படியே எழுதினேன்.
விடைத்தாளின் ஓரத்தில்
இரண்டு அங்குலம் விடச் சொல்லியிருந்தார்கள்.
விட்டேன்.
எதற்கு இரண்டு என்று
பேச்சாயி கேட்டிருப்பாள்.